கூலர் படுத்தது, கொப்பி மெசின் எரிந்தது: யாழ். நகரில் ஒரு பழைய மெயின் போர்ட்

சோளகக் காற்று புழுதியை அள்ளிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம். யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியிலிருந்து பிரிகிற குறுக்குத் தெருவொன்றில், இரண்டு மாடிக் கட்டடம் ஒன்றுக்குள் ஒரே நேரத்தில் நேர்மாறான இரண்டு கரைச்சல்கள் வந்தன. கீழே கூல் பாரில் பிரிட்ஜும் கூலரும் இழுக்க முடியாமல் உறுமிக்கொண்டு நின்றன, லைட் மங்கியது, ஜூஸ் அடிக்கிற மெசின் சுற்றவே இல்லை. மேலே போட்டோக்கொப்பிக் கடையில் எல்ஈடி பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின, கொப்பி மெசினுக்குள்ளிருந்து புகை வந்தது, ரவுட்டர் செத்தது, சீலிங் பேன் என்றைக்கும் இல்லாத வேகத்தில் சுற்றியது. கூல் பாருக்குப் பக்கத்தில் இருக்கிற புடவைக் கடை அன்றைக்குத் திறக்கவில்லை. அது அவர்களுடைய அதிர்ஷ்டம், ஏன் என்று பிறகு வருகிறேன்.

வயரிங் வேலை செய்கிற எங்களைக் கூப்பிட்டவர் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற பெரியவர். சொந்தக்காரர் கனடாவில். இங்கே பல கடைக் கட்டடங்களுக்கு இருக்கிற ஏற்பாடுதான்: வாடகை இங்கே, முடிவு வாட்ஸ்அப்பில்.

"தம்பி, கரண்ட்காரர் ஹை வோல்டேஜ் விட்டிட்டாங்கள். ஆருக்கு எழுதிக் குடுக்கிறது எண்டு மட்டும் சொல்லுங்கோ" என்றார்.

"ஐயா, பக்கத்துக் கடையிலை ஏதும் எரிஞ்சதோ?"

பக்கத்துக் கடையிலும் எதிர்க் கடையிலும் ஒன்றும் எரியவில்லை. அவர்கள் எல்லாருக்கும் வருவது அதே டிரான்ஸ்போமரின் லைன். பிழை இந்தக் கட்டடத்துக்குள்தான் என்பதில் பாதி அங்கேயே தெரிந்துவிட்டது. மீதிப் பாதி வோல்ட் மீற்றர் வைத்துப் பார்த்ததில் வந்தது. மின்சார சபையின் மீற்றரிலிருந்து வெளியே வருகிற இடத்தில் மூன்று பேஸுக்கும் (கரண்ட் வருகிற கம்பி) நியூட்ரலுக்கும் (அது திரும்பிப் போகிற கம்பி) இடையே 228, 231, 230 வோல்ட். குறை சொல்ல ஒன்றுமில்லை. அங்கிருந்து ஒரு கை நீளத்தில் இருக்கிற பழைய இரும்புப் பெட்டி மெயின் சுவிட்சைத் தாண்டி மறுபக்கம் வைத்தால் கூல் பார் லைனில் 60 வோல்ட், கொப்பிக் கடை லைனில் 340, பூட்டிக் கிடந்த புடவைக் கடை லைனில் 370. உடனே மெயினை இறக்கினோம்.

மூன்று பேஸ் வேலை தெரிந்தவருக்கு இந்த மூன்று எண்களே போதும், நியூட்ரல் போய்விட்டது. தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் கடைக்காரர்கள் இதை விளங்கிக்கொண்டால்தான் மற்றதெல்லாம் விளங்கும்.

நமது லைனில் ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட், ஒரு பேஸுக்கும் இன்னொரு பேஸுக்கும் இடையே 400 வோல்ட். கடைக்கு ஒரு பேஸ் என்று பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள், மூன்று கடைக்கும் நியூட்ரல் பொது. அந்தப் பொது நியூட்ரல் மெயினில் அறுந்தால் கரண்ட் நிற்காது. கூல் பாருக்குள் போன கரண்ட் திரும்ப வழி இல்லாமல் கொப்பிக் கடையின் நியூட்ரல் வழியாக ஏறி அடுத்த பேஸுக்குப் போகும். அதாவது இரண்டு கடையும் வரிசையாக 400 வோல்ட்டுக்குக் குறுக்கே மாட்டப்பட்டுவிடும். யாருடைய லோட் பெரியதோ அவருக்கு வோல்டேஜ் குறையும், யாருடையது சின்னதோ அவர் தலையில் மீதி முழுதும் விழும். கணக்கு வேண்டுமானால், ஒரு பக்கம் 20 ஆம்பியர் இழுக்கிற சாமான்கள், மறுபக்கம் 2 ஆம்பியர் இழுக்கிற சாமான்கள் என்று வையுங்கள். முதலாவது 11.5 ஓம், இரண்டாவது 115 ஓம். 400 வோல்ட்டை அந்த விகிதத்தில் பிரித்தால் பெரிய லோட்டுக்கு 36, சின்ன லோட்டுக்கு 364. கூலர் படுத்ததும் கொப்பி மெசின் எரிந்ததும் ஒரே காரணத்தால்தான். புடவைக் கடை லைனிலும் 370 நின்றது, ஆனால் உள்ளே எந்தச் சுவிட்சும் போட்டிருக்கவில்லை.

இதில் எந்தப் பியூஸும் போகவில்லை, எந்தப் பிரேக்கரும் விழவில்லை. விழவும் மாட்டாது. பிரேக்கர் பார்ப்பது ஆம்பியரை, வோல்டேஜை அல்ல. அதனால்தான் "பிரேக்கர் நல்லாத்தானே இருக்கு" என்று எல்லாரும் சொல்லிக்கொண்டு நிற்க சாமான் எரிந்துகொண்டிருக்கும்.

போர்டுக்குள் இருந்தவை

மெயின் போர்ட் மாடிப்படிக்குக் கீழே. தும்புத்தடி, பழைய சைன் போர்ட், வெற்றுச் சோடாக் கிரேட் எல்லாவற்றையும் விலக்கித்தான் அதன் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. போர்டுக்கு நேர் மேலே சாமித்தட்டு, அதில் எண்ணெய் விளக்கு. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஊற்றிய எண்ணெய் வழிந்து, இரும்புப் பெட்டியின் மேல் புழுதியோடு சேர்ந்து கறுப்பாக இறுகிப் போயிருந்தது. சாமியை நகர்த்தச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கம். பெரியவரே "அவரைக் கொஞ்சம் தள்ளி வைப்பம், கோவிக்கமாட்டார்" என்றார்.

பெட்டியைத் திறந்தால் கட்டடத்தின் வயது அடுக்கடுக்காகத் தெரிந்தது. அடியில் இங்கிலாந்திலிருந்து வந்த இரும்புப் பெட்டி மெயின் சுவிட்சும் பீங்கான் கட்டவுட்டுகளும் (பியூஸ் வயர் பூட்டுகிற பீங்கான் பிடிகள்). மேல் மாடிக்குப் போகிற வயர் ரப்பர் தோல் போட்டு அதன்மேல் துணி சுற்றிய பழைய வயர், மரச் சட்டத்துக்குள் ஓடுகிறது. அதற்குப் பிந்தியது பிவிசி தோல் போட்ட 7/.029, அதாவது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 29 பங்கு தடிப்புள்ள ஏழு கம்பி. இப்போதைய கணக்கில் ஏறக்குறைய 3 சதுர மில்லிமீற்றர். நமது பழைய வயரிங்காரர் இன்றும் இந்த எண்ணில்தான் வயர் கேட்பார்கள். அப்புறம் 1990க்குப் பின் தெற்கிலிருந்து வருகிற லக்சபானாக் கரண்ட் இல்லாமல் கிடந்த காலத்து ஜெனரேட்டர் லைன், ஒரு முனை எங்கும் போகாமல் சுவருக்குள் நிற்கிறது. அதற்கு மேலே ஏ9 பாதை திறந்த பிறகு கொழும்பிலிருந்து தாராளமாகச் சாமான் வந்த நாட்களில் பொருத்திய பிளாஸ்டிக் பிரேக்கர் பெட்டி. எல்லாவற்றுக்கும் மேலே, 2022 பங்குனிக் கடைசியில் 13 மணிநேர மின்வெட்டு வந்த காலத்தில் அவசரத்துக்குச் செய்த இன்னொரு சாமான். அதைப் பற்றிக் கீழே.

ஒருவர் செய்ததை அடுத்தவர் பிரித்துப் பார்க்கவில்லை, மேலே மேலே கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஒரு துண்டுக் கடதாசியில்கூட எது எங்கே போகிறது என்று எழுதப்படவில்லை. பழைய போர்டுகளில் எனக்குப் பயம் அதன் வயதில் இல்லை, இந்த எழுதப்படாத திருத்தங்களில்தான்.

நியூட்ரல் போன இடம் மெயின் சுவிட்சுக்குள் இருந்த பித்தளை லிங்க், அதாவது இணைப்புத் துண்டு. மீற்றருக்கும் சுவிட்சுக்கும் இடையே யாரோ ஒரு காலத்தில் அலுமினிய வயர்த் துண்டு ஒன்றைப் போட்டு, அதை நேரே பித்தளைத் திருகுக்குள் இறுக்கியிருக்கிறார்கள். அலுமினியத்தின் மேல் தானாக ஒரு தோல் படியும், அது கரண்டைக் கடத்தாது. பித்தளையும் அலுமினியமும் தொடுகிற இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியம் அரிக்கும். கடலேரிக் காற்றடிக்கிற ஊரில் இதற்குத் தனியாகக் காரணம் தேடத் தேவையில்லை. அதோடு அலுமினியம் சூட்டில் கூட விரிந்து, ஆறும்போது திருகுக்குள் தளர்ந்துவிடும். தளர்ந்தால் சூடு, சூட்டால் இன்னும் தளர்வு. லிங்க் நீலம் பூத்து, பக்கத்துப் பேக்கலைட் கருகி, வயர் முனை சாம்பல் மாதிரி உதிர்ந்தது. சிலநாளாகவே மீன் நாற்றம் வந்தது என்று கூல் பார் பிள்ளை சொன்னான், வடிகாலில் இருந்து என்று நினைத்திருக்கிறார்கள். சூடேறிய பேக்கலைட்டும் வயர்த் தோலும் சில நேரம் அப்படித்தான் நாறும்.

நியூட்ரல் ஏன் இவ்வளவு சூடேறியது என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பல்பும் பேனும் மட்டும் இருந்த காலத்தில் மூன்று பேஸிலும் லோட் ஏறக்குறையச் சமமாக இருந்தால் நியூட்ரலில் கரண்ட் மிகக் குறைவாகத்தான் ஓடும், ஒன்றையொன்று கழித்துவிடும். அந்த நம்பிக்கையில் பழைய ஆட்கள் நியூட்ரலுக்கு மெல்லிய வயர்கூடப் போட்டார்கள். எல்ஈடி, கணினி, போன் சார்ஜர், கொப்பி மெசின் எல்லாம் கரண்டை ஒழுங்கான அலையாக இழுப்பதில்லை, விட்டு விட்டு இழுக்கின்றன. அதில் பிறக்கிற 150 ஹேர்ட்ஸ் கரண்ட் மூன்று பேஸிலிருந்தும் வந்து நியூட்ரலில் கழிபடாமல் கூடிவிடும். பேஸில் கிளாம்ப் மீற்றர் (வயரைச் சுற்றிப் பிடித்து ஆம்பியர் அளப்பது) போட்டு "லோட் குறைவு" என்று திரும்பிப் போகிறவர்கள் நியூட்ரலிலும் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

பியூஸ் என்ற பெயரில் இருந்த கம்பிகள்

பீங்கான் கட்டவுட்டுகளைக் கழற்றினால், ஒன்றில்கூடப் பியூஸ் வயர் இல்லை. எல்லாவற்றிலும் சாதாரண வயரைப் பிரித்து எடுத்த செம்புக் கம்பி. பொருளாதாரத் தடைக் காலத்தில் கிடைத்ததை வைத்துச் சமாளித்த ஊர் இது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது ஸ்டான்லி வீதியில் இறங்கினால் வாங்கலாம், பழக்கம்தான் போகவில்லை.

செம்புக் கம்பி எத்தனை ஆம்பியரில் உருகும் என்பதற்குப் பிரீஸ் என்பவரின் பழைய சூத்திரம் ஒன்று உண்டு: மில்லிமீற்றரில் தடிப்பை எடுத்து, அதன் ஒன்றரை அடுக்கை 80ஆல் பெருக்கு. 15 ஆம்பியர் பியூஸ் வயரின் தடிப்பு 0.5 மில்லிமீற்றர், 28 ஆம்பியர் அளவில் உருகும். பியூஸ் வயர் எழுதியிருக்கிற அளவில் உருகாது, ஏறக்குறைய இரண்டு மடங்கில்தான் உருகும், அது தெரிந்துதான் வயர் அளவு தீர்மானிப்பார்கள். புடவைக் கடைக் கட்டவுட்டில் இருந்தது 7/.029 வயரின் ஒரு கம்பி, 0.74 மில்லிமீற்றர். அது உருக 50 ஆம்பியர் வேண்டும். கூல் பாரில் அதே கம்பி இரண்டாக முறுக்கி, ஏறக்குறைய 100. அந்தக் கட்டவுட்டுக்குப் பின்னால் ஓடுகிற வயர் 3/.029, சதுர மில்லிமீற்றர் கணக்கில் ஒன்றே கால் சொச்சம், அதன் தாங்கும் அளவு பத்துப் பன்னிரண்டு ஆம்பியர். இனி எது முதலில் உருகும் என்று நீங்களே சொல்லுங்கள்.

பிளாஸ்டிக் பெட்டிப் பக்கமும் இதே கதைதான், உடுப்பு மட்டும் புதுசு. புடவைக் கடை ஏசிக்கு 7/.029 வயரில் முதலில் 20 ஆம்பியர் பிரேக்கர் இருந்ததாம். அடிக்கடி விழுகிறது என்று 32 ஆக்கினார்களாம். அதுவும் விழுந்ததால் நான் பார்க்கும்போது 63. இப்போது விழுவதில்லை, எல்லாருக்கும் சந்தோசம். எம்சிபி, அதாவது இந்தச் சின்னப் பிரேக்கர், தன் அளவின் 1.13 மடங்கில் விழக்கூடாது, 1.45 மடங்கில் ஒரு மணிநேரத்துக்குள் விழ வேண்டும், அதுதான் அதற்கு எழுதப்பட்ட விதி. 63இன் 1.45 மடங்கு 91 ஆம்பியர். இருபது சொச்ச ஆம்பியருக்கான வயர் 90 ஆம்பியரில் ஒரு மணிநேரம் சுவருக்குள் கிடக்கலாம், பிரேக்கர் பார்த்துக்கொண்டிருக்கும், அது பிரேக்கரின் பிழையும் அல்ல. பிரேக்கர் காப்பது ஏசியை அல்ல, வயரை. வயரைப் பார்த்துத்தான் பிரேக்கர் போட வேண்டும், மெசினைப் பார்த்து அல்ல. மெசின் பெரிதென்றால் முதலில் வயரை மாற்ற வேண்டும். இந்த ஒன்றை மட்டும் ஊரில் எல்லாருக்கும் விளங்கப்படுத்த முடிந்தால் எங்கள் வேலையில் பாதி குறைந்துவிடும்.

மேல் மாடியில் இன்னொரு பழைய வழக்கம் கிடந்தது, பேஸுக்கும் பியூஸ், நியூட்ரலுக்கும் பியூஸ். வெள்ளைக்காரன் காலத்து வயரிங்கில் இரண்டு பக்கமும் பியூஸ் போடுவது சாதாரணம். நியூட்ரல் பக்கப் பியூஸ் முதலில் போனால் லைட் அணையும், ஆள் கரண்ட் இல்லை என்று நினைத்து ஏணியில் ஏறிக் கையை வைப்பார், ஹோல்டரில் 230 வோல்ட் உயிரோடு நிற்கும். பழைய கட்டடத்தில் லைட் எரியாததை வைத்துக் கரண்ட் இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். டெஸ்டரை வேலை செய்கிற இடத்தில் பார்த்து, பிறகு வேலை செய்யப்போகிற இடத்தில் பார்த்து, மறுபடி வேலை செய்கிற இடத்தில் பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

நிறம் இன்னொரு பொறி. பழைய முறையில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் பேஸ், கறுப்பு நியூட்ரல். இப்போதைய முறையில் மண்ணிறம், கறுப்பு, சாம்பல் பேஸ், நீலம் நியூட்ரல். அதாவது நீலமும் கறுப்பும் இடம் மாறியிருக்கின்றன. இரண்டு காலத்து வயரும் ஒரே பெட்டிக்குள் இருந்தால் நிறத்தை நம்பி இணைக்கிறவர் பேஸை நியூட்ரல் பாரில் மாட்டலாம். ஒவ்வொன்றையும் அளந்து, டேப் சுற்றி, நம்பர் எழுதித்தான் தொடங்கினோம். அதிக நேரம் போனது அதற்குத்தான்.

2022 சாமானுக்கு வருகிறேன். ஜெனரேட்டர் கொடுப்பதற்கு, இரண்டு முனையிலும் ஆண் பிளக் போட்ட வயர் ஒன்று. ஒரு முனை ஜெனரேட்டரில், மறுமுனை கடைக்குள் இருக்கிற 15 ஆம்பியர் உருண்டைப் பிளக் சொக்கெட்டில். மெயினை இறக்க மறந்தால் கரண்ட் பின்னோக்கி மீற்றர் தாண்டி வீதி லைனுக்குப் போகும், டிரான்ஸ்போமரில் பின்புறமாக ஏறி பல ஆயிரம் வோல்ட்டாகும், கம்பத்தில் வேலை செய்கிறவர் போவார். அந்த வயரைக் கேட்டு வாங்கி அங்கேயே வெட்டினேன். கூல் பார் அண்ணைக்குக் கோபம், "அது நல்ல வயர் தம்பி" என்றார். நல்ல வயர்தான்.

எர்த்

போர்டிலிருந்து ஒரு பச்சை வயர் சுவரோடு போய்ப் பின்வளவில் கிணற்று மோட்டர்க் குழாயில் கிளிப் போட்டு முடிந்தது. ஒருகாலத்தில் அது ஜிஐ, அதாவது நாகம் பூசிய இரும்புக் குழாய், கிணற்றுத் தண்ணீருக்குள் போனது, நல்ல எர்த். பிறகு குழாய் துருப்பிடித்து பிவிசி ஆனது. பிளம்பர் தன் வேலையைச் சரியாகச் செய்தார், கிளிப்பையும் கவனமாக மிச்சமிருந்த மூன்றடி இரும்புக் குழாயில் திரும்பப் பூட்டிவிட்டுப் போனார். அந்த மூன்றடிக் குழாய் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக்கில் தொங்குகிறது. கட்டடத்துக்கு எர்த் இல்லாமல் போன நாள் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் எர்த் இல்லாததால் எந்த லைட்டும் அணையாது.

நமக்கு மின்சார சபை எர்த் தருவதில்லை, அவரவர் வளவில் அவரவர் போட வேண்டும். நல்ல எர்த் என்றாலும் 20, 40 ஓம் வரும். 40 ஓம் என்று வையுங்கள், பிரிட்ஜின் வெளி உடம்பில் பேஸ் பட்டால் நிலத்துக்குள் போவது 230ஐ 40ஆல் வகுத்தால் 5.75 ஆம்பியர்தான். 5 ஆம்பியர் பியூஸ்கூட அதற்கு அசையாது. அந்த உடம்பு கரண்டோடு நிற்கும், ஆள் தொடும்வரை. நமது ஊர் எர்த்துக்குப் பியூஸும் எம்சிபியும் காணாது, 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே வெட்டுகிற ட்ரிப் சுவிட்ச் கட்டாயம் என்பது இந்தக் கணக்கால்தான். இந்தக் கட்டடத்தில் ட்ரிப் சுவிட்ச் ஒன்று இருந்தது. அடிக்கடி விழுகிறது என்று அதன் உள்வழியையும் வெளிவழியையும் நேரே இணைத்து, அதைப் பெட்டியில் அழகுக்கு விட்டிருந்தார்கள்.

எர்த் ரொட் அடிப்பது இங்கே சுலபமில்லை. மேல் மண் கொஞ்சம், கீழே சுண்ணாம்புக் கல். சுத்தியலால் அடித்தால் ரொட் வளையும், அல்லது பாதியில் நின்றதை வெட்டி "அடிச்சாச்சு" என்பார்கள். நாங்கள் துளை போட்டு, இரண்டு செம்பு ரொட்டை இடைவெளி விட்டு இறக்கி, சுற்றிவரப் பென்டோனைட் களி கரைத்து ஊற்றினோம். வழக்கமான உப்பும் கரியும் வேண்டாம் என்றேன். உப்பு ரொட்டையும் கிளிப்பையும் அரிக்கும், அதோடு நமது கல்லுக்குள் எதை ஊற்றினாலும் அது பக்கத்துக் கிணற்றுக்குத்தான் போகும். காய்ந்த நிலத்திலேயே 18 ஓம் வந்தது. மாரியில் இதைவிடக் குறையும். எர்த்தை மழைக்குப் பிறகு அளந்து சந்தோசப்படக் கூடாது, சோளகத்தில் அளக்க வேண்டும்.

எதை மாற்றினோம், எதை விட்டோம்

இந்த இடத்தில் கனடாவிலிருந்து ஒரு வீடியோ வந்தது. பெடரல் பசிபிக் என்ற அமெரிக்கக் கம்பனியின் ஸ்டாப்-லோக் பிரேக்கர்கள் விழவேண்டிய நேரத்தில் விழுவதில்லை என்று அங்கே பெரிய கதை, கனடாவில் அது பெடரல் பயனியர் என்ற பெயரில் இருந்தது. "எங்கடை போர்டும் இதுதானோ, முழுக்கக் கழட்டி எறியச் சொல்லவோ?" என்று சொந்தக்காரர் கேட்டார். இல்லை. அது 120/240 வோல்ட் முறைக்கான செருகுப் பிரேக்கர், நமது பழைய போர்டுகள் இங்கிலாந்து வழி, அந்த வில்லன் இங்கே இல்லை. மற்றது, பழசு என்ற ஒரே காரணத்துக்காக எதையும் கழற்ற நான் விரும்புவதில்லை. கிணற்று மோட்டருக்கான இரும்புப் பெட்டிச் சுவிட்ச் அந்தக் காலத்து மெம் என்ற இங்கிலாந்துக் கம்பனியின் சாமான். பிளேடு சுத்தம், ஸ்பிரிங் உறுதி, மூடி திறந்தால் கைப்பிடி ஏறாத பூட்டு இன்றும் வேலை செய்கிறது. சரியான பியூஸ் வயர் போட்டு, பெட்டிக்கு எர்த் கொடுத்து அப்படியே விட்டோம். இதைவிட மலிவான புதுசு எவ்வளவோ மோசம்.

மெயினுக்கு அந்தச் சலுகை இல்லை. லிங்க் கருகியது, பேக்கலைட் கருகினால் அதுவே கரண்ட் கடத்தத் தொடங்கும், சுரண்டித் துடைத்துப் பாவிக்க முடியாது. மாற்ற வேண்டுமென்றால் மீற்றரில் சப்ளை நிறுத்த வேண்டும், சீல் மின்சார சபையுடையது, நாங்கள் தொடக்கூடாது. விண்ணப்பம் கொடுத்து, நாள் குறித்து, அவர்கள் வந்து இறக்கிய பிறகுதான் வேலை. சீலை வெட்டிவிட்டுப் பிறகு பேசலாம் என்கிற ஆட்கள் இருக்கிறார்கள், கடைக்காரரும் ஒருநாள் வியாபாரம் போகிறதே என்று அதற்கு ஓம்படுவார்கள். அது குற்றம் என்பது ஒருபுறம், உயிரோடு இருக்கிற அந்த முனைகளுக்கு முன்னால் வீதிப் பியூஸைத் தவிர வேறு காவல் இல்லை.

கட்டடத்தின் சப்ளை மூன்று பேஸ், 60 ஆம்பியர். பழைய இரும்புப் பெட்டிக்குப் பதில் நாலு முனைப் பிரேக்கர் போட்டோம். ஏற்றும்போது நியூட்ரல் முந்தி ஒட்டி, இறக்கும்போது பிந்தி விடுகிற வகை. நியூட்ரலுக்குப் பேஸ் அளவுக்கே வயர். அலுமினியத் துண்டு போய் முழுக்கச் செம்பு. அதற்குப் பின்னால் வோல்டேஜ் பார்க்கிற ரிலே ஒன்று, வோல்டேஜ் எல்லை தாண்டினால் கொண்டாக்டர் என்ற தானியங்கிச் சுவிட்சை விடுவித்து மூன்று கடையையும் வெட்டும். அதன் விலை எரிந்த கொப்பி மெசினோடு பார்த்தால் ஒன்றுமேயில்லை. பல கடை இருக்கிற மூன்று பேஸ் கட்டடத்துக்கு இது ஆடம்பரம் அல்ல என்பது என் கருத்து.

பீங்கான் கட்டவுட்டுகளைக் கழற்றும்போது கவனித்த ஒன்று: சிலவற்றுக்குள் வெள்ளையாக நார் மாதிரி ஒரு அட்டை, தீப்பொறியைத் தடுக்க வைத்தது. பழைய கட்டவுட்டுகளில் அது அஸ்பெஸ்டஸ். புளோவர் போட்டுப் புழுதியை ஊதுவது நமது ஆட்களின் முதல் வேலை, இங்கே அதைச் செய்யவே கூடாது. ஈரத்துணியால் துடைத்து, கட்டவுட்டை முழுதாகப் பையில் போட்டுக் கட்டி, முகமூடியோடு எடுத்தோம்.

கடைக்கு ஒரு சின்னப் பெட்டி, ஒவ்வொன்றுக்கும் தனி 30 மில்லிஆம்பியர் ட்ரிப் சுவிட்ச், மெயினில் கொஞ்சம் பிந்தி விழுகிற 100 மில்லிஆம்பியர் ஒன்று. கட்டடம் முழுவதற்கும் ஒரே 30 போட்டால் எல்லாருடைய சின்னச் சின்னக் கசிவும் ஒன்றாகச் சேர்ந்து அடிக்கடி விழும், பிறகு யாராவது அதை நேரே இணைப்பார்கள், பழையபடி வந்து நிற்போம். ஏற்றிய அன்றே கொப்பிக் கடையின் ட்ரிப் சுவிட்ச் விழுந்தது. கசிவு அல்ல. மாடிப்படி லைட்டுக்குப் பேஸ் கொப்பிக் கடையிலிருந்து, நியூட்ரல் கூல் பாரிலிருந்து. யாரோ வயர் மிச்சம் பிடிக்கக் கிட்ட இருந்த நியூட்ரலைக் கடன் வாங்கியிருக்கிறார்கள். போன கரண்ட் அதே வழியால் திரும்பாவிட்டால் ட்ரிப் சுவிட்சுக்கு அது கசிவுதான். பழைய கட்டடத்தில் புது ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் சுவிட்ச் பழுது என்று திருப்பிக் கொடுக்க ஓடாமல் இதைத் தேடுங்கள்.

புடவைக் கடை ஏசிக்கு 20 ஆம்பியர் பிரேக்கரைத் திரும்பப் போட்டோம். ஏன் விழுந்தது என்று பார்த்தால், அந்த ஒரே லைனில் ஏசி, இஸ்திரிப் பெட்டி, கேத்தல் மூன்றும். மற்ற இரண்டுக்கும் வேறு லைன் இழுத்தோம். இப்போது 20 விழுவதில்லை.

இனிப் பராமரிப்பு. பெரியவருக்கு எழுதிக் கொடுத்தது சொற்பம். ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அமத்த வேண்டும், பிரேக்கர்களை அவ்வப்போது இறக்கி ஏற்ற வேண்டும், வருசக்கணக்கில் அசையாத பிரேக்கரின் உள்ளே கிரீஸ் இறுகும். வாடை மழை தொடங்க முன்னம், புரட்டாசி அளவில், எங்களைக் கூப்பிட வேண்டும். அப்போது கடைகள் முழு லோட்டில் ஓடும்போதே வெப்பக் கமராவால் ஒருமுறை பார்ப்போம், எந்தத் திருகு சூடு என்று குறித்துக்கொண்டு பிறகு மெயினை இறக்கி இறுக்குவோம். முதலில் இறுக்கிவிட்டுப் பிறகு பார்த்தால் பிழை எங்கே இருந்தது என்றே தெரியாது. பழைய பித்தளைத் திருகை ஆள் பலம் காட்டி இறுக்கினால் புரி போய்விடும், இறுக்கும் அளவு பார்க்கிற ஸ்குரூ டிரைவர் வேண்டும். தொடுமுனையை அரத்தாளால் உரஞ்சக் கூடாது, மேலே வெள்ளிப் பூச்சு இருக்கும். ஸ்பிரே எண்ணெய் அடித்தால் அன்றைக்கு மினுங்கும், அடுத்த சோளகத்தில் புழுதி ஒட்டும். வயர் நுழைகிற ஓட்டைகளை அடைத்தோம், பல்லி ஒன்று பஸ்பாருக்கு (போர்டுக்குள் கரண்ட் ஓடுகிற பட்டைகள்) குறுக்கே கிடந்தால் போதும் ஒரு போர்டை எரிக்க. பிரேக்கர் வேலை செய்கிறதா என்று பேஸையும் நியூட்ரலையும் முட்டவிட்டுப் பார்க்கிற சூரர்கள் நம்மிடையே இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம்.

பெட்டிக் கதவின் உள்ளே லைன் வரைபடம் ஒட்டியிருக்கிறது, எந்தப் பிரேக்கர் எங்கே போகிறது, என்ன வயர், எந்த நாளில் யார் தொட்டது என்று. அடுத்ததாக வருகிறவர் எதைத் தொட்டாலும் அதில் எழுத வேண்டும் என்று பெரியவரிடம் சொல்லியிருக்கிறேன்.

மேல் மாடி இன்னும் முடியவில்லை. ரப்பர் வயரின் தோல் கரண்டைக் கசியவிடுகிறதா என்று அளக்கிற மெகர் வைத்துப் பார்த்தபோது 0.2 மெகா ஓம், குறைந்தது 1 வேண்டும். தோல் தொட்டால் உடைகிறது, வளைக்கவே முடியாது, அதில் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை, முழுக்க மாற்றத்தான் வேண்டும். கொப்பிக் கடைக்கு மட்டும் கீழிருந்து புது வயர் தனியாக இழுத்துக் கொடுத்தோம். மற்ற அறைகளின் ரப்பர் வயரை போர்டிலேயே கழற்றி, முனையை மூடி, "இணைக்கக் கூடாது" என்று எழுதித் தொங்கவிட்டிருக்கிறோம். அதில் ஒரு அறையை டியூசனுக்குக் கேட்டு ஆள் வந்திருக்கிறார், பெரியவர் லைட்டுக்கு மட்டுமாவது கொடுக்கச் சொல்கிறார். புது வயருக்கான கணக்கைக் கனடாவுக்கு அனுப்பியிருக்கிறோம், பதில் வரும்வரை அந்த அறைக்குக் கரண்ட் இல்லை.